ஊட்டி பங்களாவுக்குள் யாருடைய பயம்?

தமிழ் சினிமா ஊட்டிக்குப் போனதெல்லாம் பெரும்பாலும் டூயட் பாடத்தான். தாவரவியல் பூங்காவின் புல்தரை, படகு இல்லம், பைக்காரா, மலை ரயிலின் ஜன்னல் என்று நாலைந்து இடங்களை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக் காதலை ஓட்டியிருக்கிறார்கள். அதே மலைக்கு இன்னொரு வகைக் கதையும் விடாமல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. தனித்து நிற்கும் ஒரு பங்களா, அதில் ஓர் ஆண், அவனால் அடைத்துவைக்கப்பட்ட அல்லது அழிக்கப்பட்ட ஒரு பெண். 1964-ல் 'புதிய பறவை', 1980-ல் 'மூடுபனி', 2002-ல் இந்தியில் 'ராஸ்'. இவற்றில் கலையாகவும் மர்மமாகவும் இன்றுவரை ரசிகர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. அந்தப் படம் எப்படி உருவானது, அதன் பிறகு என்ன நடந்தது, நீலகிரியில் வைத்துச் சொல்லப்பட்ட இந்தப் பயம் யாருடையது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்கதையிலிருந்து தொடங்கலாம். தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'யில் சிவாஜி கணேசனின் கோபால் பெரும் செல்வந்தன். கப்பலில் சந்தித்த லதாவையும் அவள் தந்தையையும் ஊட்டியிலுள்ள தன் மாளிகைக்கு அழைத்துவருகிறான். இறந்துபோனதாக அவன் சொன்ன மனைவி ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறாள். வந்தது ஆவியில்லை என்பது கடைசியில் தெரியும். ஆனால் அதற்குள் கோபால் படும் பாடு எந்தப் பேய்ப் படத்திலும் காணக் கிடைக்காத பாடு. அவன் பயப்படுவது தன் கையால் நடந்த ஒரு மரணத்துக்கு. படத்தின் பெரும்பகுதி அரங்கத்துக்குள் எடுக்கப்பட்டதுதான் என்றாலும், இந்த வீடு ஊட்டியில் இருக்கிறது என்று சொன்னதுமே பார்வையாளர் அதை நம்பினார். அக்கம்பக்கம் இல்லாத, கேட்பாரில்லாத பெரிய வீடு என்றால் அது மலைமேல்தான் இருக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஏற்கெனவே ஊறியிருந்தது.

அந்த எண்ணம் வந்த வழி தெளிவானது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிப் பார்த்து, சில ஆண்டுகளில் ஊட்டியில் கல்வீடு கட்டினார். அதன் பின்னே வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்கு ஏற்ற வீடுகளை இங்கேயும் எழுப்பினார்கள். கணப்பு அடுப்பு, மரத்தளம், சாய்ந்த ஓட்டுக்கூரை, வீட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் தோட்டம், அதற்கு அப்பால் சைப்ரஸும் கற்பூர மரமும். அவர்கள் போன பிறகு அந்தப் பங்களாக்கள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் முதலாளி வருவார், மற்ற நாளெல்லாம் ஒரு காவல்காரர். இங்கிலாந்தின் திகில் நாவல்களில் வரும் வீட்டைப் போய்த் தேடவே வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் போதும்.

ஆனாலும் அந்த வீட்டுக்குள் நிஜ வெளிச்சத்தைக் கொண்டுபோக ஓர் ஒளிப்பதிவாளர் தேவைப்பட்டார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939-ல் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சுற்றுலாவில் இலங்கையில் டேவிட் லீன் படமெடுப்பதைப் பார்த்து சினிமாமேல் ஆசை கொண்டவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். மலையாள 'நெல்லு'வில் அறிமுகமாகி, தமிழில் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். இயக்குநராகக் கன்னடத்தில் 'கோகிலா', தமிழில் 'அழியாத கோலங்கள்'. மூன்றாவது படம் 'மூடுபனி'. ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்ற நாவலைத் தளர்வாகத் தழுவியது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' அதற்குப் பின்னால் நிற்பதை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. 1980 நவம்பரில், தீபாவளியையொட்டி வெளியானது.

கதை சுருக்கமானது. தந்தையின் கொடுமையில் தாய் நொறுங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் சந்துரு. பாலியல் தொழில் செய்யும் பெண்கள்மேல் தீராத வெறுப்பு கொண்டு அவர்களைக் கொலை செய்கிறான். ரேகா என்ற பெண்ணை மணக்க விரும்புகிறான். அவளுக்கு வேறொருவனோடு நிச்சயமாகிவிட, அவளைக் கடத்திக்கொண்டு ஊட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறான். கொலைகாரன் யார் என்பதை மறைத்துவைத்து விளையாடுகிற படமில்லை இது. முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ரசிகரை நாற்காலியில் உட்காரவைப்பது அந்த மலை வீட்டின் காற்றும் வெளிச்சமும்.

பனிமூட்டம் ஒளிப்பதிவாளருக்கு என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கேத்தி பள்ளத்தாக்கில் பிற்பகல் 3 மணிக்குமேல் நின்றால் தெரியும். கீழேயிருந்து வெண்புகை மாதிரி ஏறிவரும். முதலில் அடுத்த மலை மறையும், பிறகு எதிர்ச் சரிவின் தேயிலை, பிறகு பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம். வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதே தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சமாகிவிடும். நிழல் விழாது. முகத்தின் மேடுபள்ளம் மென்மையாகும், கறுப்பு சாம்பலாகும். திகில் படத்துக்கு ஆழ்ந்த இருட்டும் கூர்மையான நிழலும் வேண்டும் என்பது கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாடம். 'அந்த நாள்' முதல் 'நெஞ்சம் மறப்பதில்லை' வரை தமிழில் அந்தப் பாடத்தை நன்றாகவே எழுதியிருந்தார்கள். பாலு மகேந்திரா வண்ணத்தில், பகலில், நிழலே இல்லாத வெளிச்சத்தில் பயத்தை உண்டாக்கினார். இருட்டில் ஒளிந்திருப்பவனை விளக்கேற்றிக் கண்டுபிடித்துவிடலாம். வெள்ளைக்குள் ஒளிந்திருப்பவனை எதைக் கொண்டு தேடுவது?

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அந்தக் காலத்து வண்ண நெகடிவ்களின் ஒளியுணர்வு பெரும்பாலும் 100 ஏ.எஸ்.ஏ. அளவுதான். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி அறைக்குள் படமெடுப்பது கத்திமேல் நடப்பது. பனியோ பத்து நிமிடத்தில் வரும், ஐந்து நிமிடத்தில் கலையும். முதல் ஷாட்டில் ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்து அடுத்த ஷாட்டில் தெரியாவிட்டால் காட்சி ஒட்டாது. குளிரிலிருந்து அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் நீர் கோக்கும். நீலகிரியில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் புலம்புகிற விஷயங்கள் இவை. எழுத்து, ஒளிப்பதிவு, இயக்கம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததால் அந்தக் காத்திருப்பைக் கதைக்குள்ளேயே கொண்டுவர முடிந்தது. படத்தின் நிதானத்தில் ஒரு பகுதி பனி கலைவதற்காகக் காத்திருந்தவரின் நிதானம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இளையராஜாவுக்கு இது 100-வது படம். 1976-ல் 'அன்னக்கிளி'யில் வந்தவர் நான்கே ஆண்டில் அந்த எண்ணைத் தொட்டிருந்தார். பாலு மகேந்திராவின் இயக்கத்தில் அவர் இசையமைத்த முதல் படமும் இதுதான். 2013-ல் வந்த கடைசிப் படம் 'தலைமுறைகள்' வரை அந்தக் கூட்டு நீண்டது. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை அறியாத தமிழர் குறைவு. கங்கை அமரன் எழுதி யேசுதாஸ் பாடியது. கிதாரை வைத்துக்கொண்டு அதைத் திரையில் பாடுகிறவன் ஒரு தொடர் கொலைகாரன், எதிரே இருப்பவள் அவன் கடத்திவந்த பெண். படத்திலேயே மிக மென்மையான இசை அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்தப் பாட்டு நடக்கும்போது அவனை வெறுக்க முடியாமல் தவிக்கிறோம். படத்தின் உச்சமான பயம் அந்தத் தவிப்பில் இருக்கிறது. பிற்காலத்தில் பாட்டு படத்தைவிட்டுப் பிரிந்து தனியாக நடந்தது. கல்லூரி விழாக்களில் கிதார் பழகியவர்கள் முதலில் வாசித்துக் காட்டும் காதல் பாட்டாக ஆனது. எந்த அறைக்குள் அது பாடப்பட்டது என்பதை மறந்துவிட்டோம். ஒரு திகில் படத்துக்கு இதைவிட விநோதமான மரபு அமைவது அரிது.

சந்துருவாக நடித்த பிரதாப் போத்தன் சிறுவயதிலேயே லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர். பரதனின் மலையாளப் படங்களில் அறிமுகமாகி 'அழியாத கோலங்கள்' வழியாகத் தமிழுக்கு வந்தார். பெரிய கண்ணாடி, அடங்கிய குரல், நல்ல குடும்பத்துப் பிள்ளையின் தோரணை. அதுவரை தமிழ் வில்லனுக்கு இருந்த எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. ஊட்டி போர்டிங் ஸ்கூலில் படித்த ஒருவருக்கே வரக்கூடிய அந்நியத் தன்மை அவர் உடலிலேயே இருந்தது என்றால் மிகையில்லை. 2022 ஜூலையில் அவர் காலமானபோது பெரும்பாலோர் முதலில் நினைத்துக்கொண்டது இந்த வேடத்தைத்தான்.

ரேகாவாக நடித்த ஷோபா, படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, 1980 மே 1 அன்று, 17 வயதில் இறந்துவிட்டார். 'பசி'க்காகத் தேசிய விருது பெற்றவர். பாலு மகேந்திராவின் வாழ்க்கையோடு அவர் வாழ்க்கை பின்னியிருந்ததால் அந்த மரணம் குறித்து எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் ஏராளம். மலையாளத்தில் கே.ஜி. ஜார்ஜ் 1983-ல் எடுத்த 'லேகயுடெ மரணம் ஒரு ஃபிளாஷ்பேக்' படத்தையும் அதோடு சேர்த்தே பேசுவார்கள். கதையையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பித் தீர்ப்பெழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மலை வீட்டில் அடைபட்டு, ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசித் தப்பிக்க வழி பார்க்கும் பெண்ணாக அவரைப் பார்க்கும்போது மனம் கனக்காமல் இருப்பதில்லை. பயத்தைக் காட்ட அவர் கத்துவதில்லை. சிரிக்க முயல்கிறார். தமிழ்த் திரையில் பயந்த பெண்ணை இவ்வளவு உண்மையாக நடித்தவர்கள் வெகு சிலரே.

படத்தின் குறையைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. தாயை அடித்தது தந்தை. மகன் கொல்வதோ தெருவில் நிற்கும் பெண்களை. அந்தப் பெண்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று படம் கேட்பதில்லை. கொலைகாரனுக்குக் குழந்தைப் பருவமும் கண்ணீரும் பாட்டும் உண்டு, கொல்லப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் முன்பு வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்திலும் இதே கணக்குத்தான். இந்த இரண்டு படங்களின் அழகியலைப் புகழ்ந்து எழுதும்போதெல்லாம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

'மூடுபனி'யின் உண்மையான இரட்டைப் பிறவி பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) என்பது என் துணிபு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் திடுக்கிடும். இரண்டிலும் பாலியல் தொழில் நடக்கும் உலகம் கதையைத் தொடங்கிவைக்கிறது. இரண்டிலும் ஓர் ஆண் ஒரு பெண்ணை நகரத்திலிருந்து கூட்டிக்கொண்டு நீலகிரிக்கு வருகிறான். இரண்டிலும் அவள் தன் நிலையில் இல்லை. ஒருத்தி கைதி, இன்னொருத்தி நினைவிழந்தவள். இரண்டிலும் யேசுதாஸின் குரலில் அவளுக்கு ஒரு பாட்டு. முதலாவது வீட்டில் அது கடத்தல், இரண்டாவது வீட்டில் அது அன்பு. கேத்தி ரயில் நிலையத்தில் இரண்டாவது படத்தின் நாயகன் சீனு மழைச் சேற்றில் விழுந்து புரளும்போது நாம் அழுகிறோம், அவன் கூட்டிவந்த விஜி என்ன விரும்பினாள் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. பாலு மகேந்திரா தன் திகில் படத்தையே காதல் படமாகத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறார். கமல்ஹாசனுக்கு நடிப்புக்கும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது இந்த இரண்டாவது பிரதி.

பெண்ணை மலைக்குத் தூக்கிச் செல்லும் ஆண் அதற்குப் பிறகு தமிழில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டான். 1991-ல் 'குணா' கொடைக்கானல் குகைக்குப் போனான். 2003-ல் 'காதல் கொண்டேன்' வினோத் அடிவாரக் காட்டுக்குள் போனான். ஒவ்வொருவனுக்கும் சிதைந்த பிள்ளைப் பருவம், ஒவ்வொருவனிடமும் நமக்கு இரக்கம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024-ல் குணா குகையை மறுபடி பிரபலமாக்கியபோது இளைஞர்கள் 'குணா'வின் காதல் பாட்டை நட்பின் பாட்டாகக் கொண்டாடினார்கள். 'பொன் நிலாவே'வுக்கு நடந்ததே அதற்கும் நடந்தது.

விக்ரம் பட் இயக்கிய 'ராஸ்' 2002 பிப்ரவரியில் வந்தது. உடையப்போகும் திருமணத்தை ஒட்டவைக்க மும்பைத் தம்பதி ஊட்டிப் பங்களாவுக்கு வருகிறார்கள். அங்கே கணவனின் பழைய தொடர்பும், அதனால் உயிரைவிட்ட பெண்ணின் ஆவியும் காத்திருக்கின்றன. படம் பெருவெற்றி பெற்று மூன்று தொடர்ச்சிகள் கண்டது. கலையாக அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஊட்டியில் அதன் விளைவு பெரிது. படப்பிடிப்புக் குழு தங்கிய பழைய ஓட்டலில் இரவு முழுக்க மேல்மாடியில் நாற்காலி மேசை இழுபடும் சத்தம் கேட்டதாகவும், காலையில் விசாரித்தால் மேல்மாடியே கிடையாது என்று சொன்னதாகவும் ஒரு கதை பரவியது. இன்று ஊட்டி வரும் பயணிகளுக்கு டாக்ஸிக்காரர்கள் சொல்லும் பேய்க் கதைகளில் இதற்குத்தான் முதலிடம். சினிமா மலையிலிருந்து பயத்தை எடுத்துக்கொண்டு போகும் என்று நினைப்போம், இங்கே சினிமா கொண்டுவந்த பயம் மலையில் தங்கிவிட்டது.

'புதிய பறவை', 'மூடுபனி', 'ராஸ்' மூன்றிலும் பேயோ வெறியோ நீலகிரி மக்களுடையதல்ல. சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்களுடையது. ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்ததைப் பனி சிறிது நேரம் மறைத்துவைக்கிறது, அவ்வளவே மலையின் வேலை. வீட்டுக்கு வெளியே யாரும் வசிப்பதாகவே தெரிவதில்லை. கேட்டைத் திறந்துவிடும் காவல்காரரும் தூரத்தில் இலை பறிக்கும் பெண்களும் சட்டகத்தின் ஓரத்தில் வந்து மறைகிறார்கள். படகர்களின் ஹட்டி, தோடர்களின் மந்து, தோட்டத் தொழிலாளரின் லயன் வீடு எதற்குள்ளும் இந்தக் கேமரா நுழைந்ததில்லை.

மலையில் வாழ்கிறவர்களின் பயம் வேறு. 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிலிருந்து சரிவில் வீடு உள்ளவர்கள் ஐப்பசி கார்த்திகையில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா சுற்றுவட்டாரத்தில் ஒரு புலி மூவரைக் கொன்றபோது பள்ளிகள் மூடப்பட்டன, தோட்டத்துக்கு ஆள் போகவில்லை. பனிமூட்டத்தில் தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமையின்மேல் போய் முட்டிக்கொள்ளும் ஆபத்து இலை பறிப்பவருக்கு அன்றாடம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கி வளர்ந்த அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில், ஓய்வு பெற்றதும் லயன் வீட்டைக் காலி செய் என்ற உத்தரவு வருமோ என்பது முதியவர்களின் இரவுப் பயம். மட்டக்களப்பில் பிறந்த இயக்குநர் கேமராவோடு வந்திறங்கிய காலத்தில், இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அந்த மலையில்தான் காடு திருத்தித் தேயிலை நட்டுக்கொண்டிருந்தன.

தேயிலைத் தோட்டத்தின் திகிலைத் தமிழில் ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாலாவின் 'பரதேசி' (2013). ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் எழுதிய நாவலை, தமிழில் 'எரியும் பனிக்காடு' என வந்ததை, அடிப்படையாகக் கொண்டது. செழியனின் ஒளிப்பதிவில் அங்கேயும் பனி உண்டு. அதற்குள்ளிருந்து வருவது கங்காணியும் கொள்ளை நோயும். நீலகிரிக்கு அப்படி ஒரு படம் இன்னும் அமையவில்லை. முதுமலை தெப்பக்காட்டில் யானைக் குட்டிகளை வளர்த்த தம்பதியைப் பற்றிய 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோதுதான், இந்த மலைக்காட்டுக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை வெளியுலகம் திரையில் நிறுத்திப் பார்த்தது.

ஓர் இழப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊட்டிக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு படப்பிடிப்போடு முடிவதில்லை. தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காகவே ஃபிலிம் தயாரிக்கும் அரசுத் தொழிற்சாலையான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை இங்கே நிறுவினார்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடெங்கும் போயின. டிஜிட்டல் வந்த பிறகு நலிந்து மூடப்பட்டது, அதை நம்பியிருந்த இந்து நகர் குடியிருப்பு வெறிச்சோடியது. அதே காலத்தில் பாலு மகேந்திரா, தன் 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகடிவ்கள் அழிந்துவிட்டதைப் பொதுமேடையில் சொல்லி வருந்தினார். 2014 பிப்ரவரி 13-ல் அவரும் போய்விட்டார். இன்று 'மூடுபனி'யைக் கணினித் திரையில் பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது நிறம் வெளிறிய பிரதி. பனிக்கும் சுவருக்கும் முகத்துக்கும் இடையே அவர் வைத்த நுண்ணிய சாம்பல் வேறுபாடுகள் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒளியால் எழுதப்பட்ட படத்துக்கு இது பெரிய அநியாயம். தேசியத் திரைப்படக் காப்பகமோ தயாரிப்பு உரிமை உள்ளவர்களோ முன்வந்து நல்ல மூலப்பிரதியைத் தேடி மீட்டெடுக்க வேண்டிய தமிழ்ப் படங்களின் பட்டியலில் இது முன்வரிசையில் இருக்க வேண்டும்.

எடுத்த படத்தை மீட்பது ஒருபுறம் இருக்க, இன்னும் எடுக்கப்படாத மலையின் சொந்தத் திகில் கதை கோத்தகிரிப் பக்கம் உண்டு. பழங்குடியினரான குறும்பர்கள் மந்திரம் தெரிந்தவர்கள் என்று அண்டைச் சமூகங்கள் நெடுங்காலம் நம்பின. விதைப்புச் சடங்குக்கு அவர்கள் வேண்டும், ஊரில் மாடு செத்தால், குழந்தைக்கு நோய் வந்தால் பழியும் அவர்கள்மேல். 19-ஆம் நூற்றாண்டில் பலமுறை இந்தச் சந்தேகத்தில் குறும்பக் குடியிருப்புகள் தாக்கப்பட்டு, குடும்பம் குடும்பமாகக் கொல்லப்பட்டதை அக்கால அரசுப் பதிவுகளே சொல்கின்றன. பில்லி சூனியத்தைப் பற்றி எத்தனையோ படம் எடுத்த தமிழ் சினிமா, சூனியக்காரர் என்று பேர் சூட்டப்பட்டவரின் பக்கம் உட்கார்ந்து ஒரு படமும் எடுத்ததில்லை. படகர் மொழியில் 1970-களின் இறுதியிலேயே படம் எடுத்திருக்கிறார்கள், இன்று மலைக் கிராமத்து இளைஞர்கள் கையில் கேமரா இருக்கிறது. அவர்களில் ஒருவர் இந்தக் கதையைத் தொட்டால், கேமரா பங்களாவில் இருக்காது. சோலையோரக் குடிசைக்குள் இருந்துகொண்டு, பனிக்குள் தீப்பந்தத்தோடு ஏறிவருகிற ஊர்க்காரர்களை அது பார்க்கும்.